நடப்பதற்கே சட்டம் கேட்ட ஊரில் மரபு நடை

ஆகஸ்ட் மாதம் வந்தால் போதும், சென்னைக்கு மரபுக் காய்ச்சல் பிடித்துக்கொள்கிறது. மயிலாப்பூரில் ஒரு நடை, ஜார்ஜ் டவுனில் ஒரு நடை, கோட்டைக்குள் ஒரு நடை, நடுவில் ஃபில்டர் காபி. 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடலோர மணல்வெளி எழுதிக் கொடுக்கப்பட்டதாம். ஆகவே அன்றுதான் நகரத்துக்குப் பிறந்தநாள். ஒரு வியாபாரக் கம்பெனி மனை வாங்கிய நாள் எப்படி ஓர் ஊரின் பிறந்தநாள் ஆகும், அதற்கு முன்பே இங்கே இருந்த மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் குப்பங்களும் சேரிகளும் பிறக்காமலேயே இருந்தனவா என்று பலரும் கேட்டுவிட்டார்கள். நான் அதை மறுபடி கேட்கப் போவதில்லை. அதே ஆகஸ்ட் 22-இல், அதே கோட்டையில் நடந்த வேறொன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

1924 ஆகஸ்ட் 22. சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவருகிறார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும், தெருவிலும், வழியிலும் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் நடந்து போகலாம். அதற்கு யாரும் தடை சொல்லக் கூடாது. பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் எல்லாவற்றிலும் சாதி இந்துக்களுக்கு இருக்கும் உரிமை தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உண்டு. இதுதான் தீர்மானத்தின் சாரம். நிறைவேறியது. அடுத்த மாதம் 25-ஆம் தேதி அரசாணையாகவும் வந்தது.

மறுபடியும் படியுங்கள். நடப்பதற்கு. தெருவில் கால் வைத்து நடப்பதற்கு ஒரு தீர்மானம், ஓர் அரசாணை. அந்தச் சட்டசபை அப்போது கூடிய இடம் இதே புனித ஜார்ஜ் கோட்டை. கம்பெனி நிலம் வாங்கியதாகச் சொல்லும் அதே தேதி. 'நடை' என்ற சொல்லையே பெயரில் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் இந்தக் கோட்டைக்குள் வருகிறவர்களுக்கு, இந்த நாட்டில் நடக்கும் உரிமைக்காக இங்கே நிறைவேறிய தீர்மானம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதில்லை.

அந்த ஆண்டை நாம் மறக்கவில்லை என்பதுதான் இதில் இன்னும் விசித்திரம். 1924 மார்ச்சில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் போனார், சிறைப்பட்டார். அதன் நூற்றாண்டை இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வைக்கத்தில் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில், அதே உரிமையைச் சென்னைக் கோட்டைக்குள் ஒரு தலித் தலைவர் தீர்மானமாகவே நிறைவேற்றிக் காட்டினார். அந்த நூற்றாண்டின் மேல் அத்தகைய வெளிச்சம் விழவில்லை. பக்கத்து மாநிலத்துத் தெருவுக்குப் போய்ப் போராடியதைப் பெருமையாகச் சொல்லும் நமக்கு, நம் தெருக்களைப் பற்றிய கதை கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது போலும்.

கோட்டைக்குள் என்னதான் சொல்கிறார்கள்? நான் இதுவரை நான்கைந்து நடைகளில் கலந்துகொண்டிருக்கிறேன். பாடம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். 1680-இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம். அதில் எலிஹு யேலுக்குக் கல்யாணம் நடந்தது, 1753-இல் ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்தது. ஆளுநர் தாமஸ் பிட் இங்கே ஒரு பெரிய வைரத்தை வாங்கினார், அது கடைசியில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாம் சுவையான கதைகள், மறுக்கவில்லை. வெள்ளைக்காரன் வீட்டுக் கல்யாணக் கதை, நகைக் கதை.

அந்த பிட் ஆளுநராக இருந்த காலத்தில்தான், 1707-இல், கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரத்தில் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் பெரும் சண்டை மூண்டது. எதற்காக? எந்தச் சாதியின் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதற்காக. பிட் என்ன செய்தார்? தெருக்களைப் பங்கு பிரித்தார். இந்தத் தெரு உனக்கு, அந்தத் தெரு அவனுக்கு. வலங்கையினர் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தெருவைச் சாதிவாரியாகப் பிரித்துக் கொடுத்த ஆளுநரின் வைரத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, அதே ஜார்ஜ் டவுன் தெருக்களில் கேமராவோடு நடக்கிறோம். இதே கம்பெனியின் பதிவேடுகளில் 'பெரிய பறச்சேரி' என்றும் ஓர் இடம் வருகிறது. எந்த நடையும் அதைத் தேடிப் போனதில்லை.

ஒரு முறை கோட்டைக்குள் நடையை நடத்தியவரிடம் கேட்டேன்: "இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தது இங்கேதானே? அதையும் சொல்லலாமே?" அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. சிரித்தபடியே சொன்னார்: "அதெல்லாம் பாலிடிக்ஸ், தம்பி. நம்மளது ஹெரிட்டேஜ்."

அந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது. கிளைவ் அரசியல் இல்லை. சண்டை போட்டு நாடு பிடித்தவன் மரபு. யேல் அரசியல் இல்லை. மயிலாப்பூர் மாடவீதியில் எந்த வீட்டுத் திண்ணையில் எந்த வக்கீல் உட்கார்ந்து என்ன பேசினார் என்பது அரசியல் இல்லை, பண்பாடு. கபாலீசுவரர் கோயிலுக்குள் யார் எப்போதிலிருந்து போக முடிந்தது என்று கேட்டால் மட்டும் அது அரசியல். இந்த மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பே 1939-இல்தான் வந்தது. ஆயிரம் ஆண்டு மரபு என்று கோபுரத்தைக் காட்டுகிறவர், அதில் எத்தனை ஆண்டுகள் எங்கள் பாட்டன் அந்த வாசலுக்கு வெளியே நின்றான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு நேராகும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நடை என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக வந்த சொல் அல்ல. விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் ஊரில், சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போக நேர்வழி ஊர்த் தெரு வழியாகத்தான். என் தாத்தா இறந்தபோது பாடையை அந்த வழியில் விடவில்லை. வரப்பு மேல் சுற்றிக்கொண்டு போனோம். மழைக்காலம், முழங்கால் சேறு. இரண்டு இடத்தில் பாடை சாய்ந்தது. இத்தனைக்கும் அது பஞ்சாயத்துப் போட்ட தார்ச்சாலை, பொதுத் தெரு. 1924 அரசாணை எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. சென்னைக்கு வந்து முதன்முதலாக ஒரு மரபு நடையில் கலந்துகொண்டபோது, நூறு பேர் எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து, வீட்டு வாசலில் நின்று, தூணைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்து, யாரும் "நீ யார்?" என்று கேட்காமல் திரும்பி வந்ததைப் பார்த்தேன். அது எவ்வளவு பெரிய சலுகை என்று அந்த நூறு பேரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

"உங்கள் தலைவர்களுக்கும்தான் மணிமண்டபம் கட்டியிருக்கிறார்களே" என்பார்கள். ஆமாம், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கும் மணிமண்டபம் உண்டு, அயோத்திதாசப் பண்டிதருக்கும் உண்டு. கட்டியதை வரவேற்கிறேன். ஆனால் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியது ராயப்பேட்டையில். அங்கே போய் நின்று பாருங்கள், ஒரு கல்லாவது அதைச் சொல்கிறதா? சீனிவாசன் பேசியது கோட்டையில், புதைக்கப்பட்டது ஓட்டேரியில். வாழ்ந்த இடத்திலும் போராடிய இடத்திலும் அடையாளம் வைக்காமல், பூங்காவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ராஜாஜிக்கும் அதே வளாகத்தில்தானே நினைவாலயம் இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. கூடவே அண்ணா சாலை அருகே ராஜாஜி மண்டபமும் இருக்கிறது. கோட்டை வாசலை ஒட்டி ஓடும் சாலைக்குப் பெயரே ராஜாஜி சாலை. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் மாலை போடப் போகிற இடம் வேறு. ஒவ்வொரு நாளும் பஸ் டிக்கெட்டில், கடிதத்தில், வழி கேட்கும் வாயில் வந்து போகிற இடம் வேறு. இரண்டாவது வகை எங்கள் தலைவர்களுக்கு அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

ஓட்டேரியில் சீனிவாசனின் கல்லறை இருக்கும் இடத்துக்கு உரிமைக்களம் என்று பெயர். 1893-இல் 'பறையன்' என்று தன் இதழுக்குப் பெயர் வைத்து இதே சென்னையில் வெளியிட்ட மனிதர். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்தவர். ஆண்டுக்கு இரண்டு முறை இயக்கத் தோழர்கள் போகிறார்கள். மற்ற நாளில் யார் போகிறார்கள்? சென்னையில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். முதலைப் பண்ணை வரும். இது வராது.

அடுத்து, ரிப்பன் மாளிகை. 1913-இல் கட்டி முடித்தது, ஏழரை லட்ச ரூபாய் செலவு. ஒப்பந்தக்காரர் பெயர்கூட நடைகளில் சொல்கிறார்கள். இரவில் வண்ண விளக்குப் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். 2025 ஆகஸ்ட் 1 முதல் 13 நாட்கள் அந்த வெள்ளை மாளிகையின் வாசல் நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களைப் பணி நிரந்தரம் செய் என்பது கோரிக்கை. மழையிலும் வெயிலிலும் இருந்தார்கள். நீதிமன்றத்தில் யாரோ வழக்குப் போட்டார்கள், நடைபாதை பொதுமக்கள் நடப்பதற்கு என்று. பாருங்கள், மறுபடியும் அதே சொல். நடப்பதற்கு! ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து அந்தப் பெண்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த நாளே அரசு தூய்மைப் பணியாளர்களுக்குச் சில நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று இலவசக் காலை உணவு. வேலையைக் கேட்டவர்களுக்கு இட்லி.

சரியாக ஒன்பது நாள் கழித்து சென்னை தினம்.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் உறைக்கும். ராயபுரம் மண்டலம் என்றால் ஜார்ஜ் டவுனும் துறைமுகப் பகுதியும் பார்க் டவுனும் அதற்குள் அடக்கம். அதாவது மரபு நடைகள் போகும் வடபகுதித் தெருக்கள். திரு.வி.க. நகர் மண்டலம் என்றால் புளியந்தோப்பு, ஓட்டேரி. அதாவது நடைகள் போகாத தெருக்கள். காலை ஆறரைக்கு நடை தொடங்கும்போது தெரு பளிச்சென்று இருப்பதற்கு யார் எத்தனை மணிக்கு எழுந்து வந்தார்கள் என்று ஒரு வழிகாட்டியாவது சொல்லியிருக்கிறாரா? நூறாண்டுக்கு முன்னால் கல் சுமந்தவன் பெயர் தெரியாது, சரி, பதிவு இல்லை என்று சொல்லலாம். இன்று காலை பெருக்கியவருக்கு அடையாள அட்டையில் பெயர் இருக்கிறதே.

புளியந்தோப்பை ஒட்டித்தான் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் அந்தத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியதுதான். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் இடையே பிளவு வந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிற்சங்க வரலாற்றுக்கும் சாதி வரலாற்றுக்கும் இதைவிட முக்கியமான இடம் இந்த நகரத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. வர்க்கமா சாதியா என்று நாம் முகநூலில் இரவெல்லாம் சண்டை போடுகிறோமே, அந்தச் சண்டை ரத்தமும் நெருப்புமாக நடந்த தெரு அது. இன்று மில் நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாமல் அந்த வரலாறு கான்கிரீட்டுக்கு அடியில் போகிறது. 'பாரம்பரியக் கட்டடத்தை இடிக்காதே' என்று குரல் கொடுக்கும் அன்பர்கள் இதற்குக் குரல் கொடுத்து நான் கேட்டதில்லை. மில் கூடத்துக்குக் குவிமாடம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. என்ன செய்வது?

மறதி மட்டும் என்றால்கூட நினைவுபடுத்திவிட்டுப் போகலாம். அழகுபடுத்தல் என்ற பெயரில் ஆட்களையே அப்புறப்படுத்துவது இதன் மறுபக்கம். கோட்டைக்குப் பின்னால், கூவம் கரையில் இருந்தது சத்தியவாணிமுத்து நகர். அண்ணா, கலைஞர் அமைச்சரவைகளில் அமைச்சராக இருந்து, தாழ்த்தப்பட்டோர் பிரச்சினையை முன்வைத்து 1974-இல் தி.மு.க.வை விட்டு வெளியேறித் தனிக் கட்சியே தொடங்கிய தலித் பெண் தலைவரின் பெயர். கூவத்தைச் சீரமைக்கிறோம் என்று 2019 இறுதியில், பள்ளி ஆண்டின் நடுவில், அந்த மக்களைச் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நகரின் மத்தியில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் இடமும் போயிற்று. துறைமுகத்திலும் சென்ட்ரலிலும் பாரிமுனையிலும் வேலை பார்த்தவர்கள் பெரும்பாக்கத்திலிருந்து எப்படி வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கும் முன்பே அப்படி அனுப்பப்பட்டவர்களின் ஊர் கண்ணகி நகர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். 2020-இல் அந்தக் கட்டடச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்து 'கலை மாவட்டம்' என்று அறிவித்தார்கள். ஓவியங்கள் அழகானவை; வரைந்தவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை, அங்கே வாழும் பிள்ளைகளுக்கு அவை பிடித்திருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் நகரத்தின் அழகுக்கு இடைஞ்சல் என்று குடிசையை இடிக்கிறாய். பிறகு ஊருக்கு வெளியே தீப்பெட்டி அடுக்கியதுபோல வீடு கட்டித் தள்ளுகிறாய். அப்புறம் அந்தச் சுவருக்கு வண்ணம் அடித்து, சுற்றிப் பார்க்க வா என்று ஆள் கூப்பிடுகிறாய். மெரினாவிலும் இதே கதைதான். கடற்கரையை அழகாக்க வேண்டும் என்று 1985-இல் மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2023-இல் நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் மீன் விற்ற பெண்களின் கடைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கடற்கரைக்கு வருகிறவர்கள் வறுத்த மீன் சாப்பிட வேண்டும், மீன்காரி மட்டும் கண்ணில் படக் கூடாது.

'சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் சாதியைத் தேடுகிறீர்களே' என்று இதைப் படித்துவிட்டு எழுதப் போகிற நண்பருக்கு: நாங்கள் தேடவில்லை. தெருவுக்குத் தெரு அதுதான் நிற்கிறது. நீங்கள் அதைத் தூண், திண்ணை, முற்றம், ரெட்டை வாசல் என்று பெயர் மாற்றிக் கூப்பிடுகிறீர்கள். பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஒரு தனி வழி இருக்குமே, சந்து வழியாக உள்ளே வந்து மலம் அள்ளிக்கொண்டு அப்படியே வெளியே போவதற்கு, அதை எந்த நடையிலாவது காட்டியிருக்கிறார்களா? அதுவும் கட்டடக் கலைதான். யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

பழைய கட்டடங்களை இடிக்க வேண்டும் என்றோ மரபு நடைகளைப் புறக்கணிக்க வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. இளைஞர்கள் தங்கள் ஊரைக் காலால் நடந்து தெரிந்துகொள்வதைவிட நல்ல பழக்கம் வேறில்லை. கேட்பது இவ்வளவுதான். கோட்டை வாசலில், பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில், 1924 ஆகஸ்ட் 22 தீர்மானத்தின் வாசகத்தைத் தமிழில் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். ராயப்பேட்டையில் அயோத்திதாசருக்கும், மில் நிலத்தில் 1921-க்கும் ஒரு பலகை வேண்டும். அரசின் சுற்றுலா வரைபடத்தில் உரிமைக்களம் இடம்பெற வேண்டும். பெரிய செலவு இல்லை. ஒரு நாள் இரவு ரிப்பன் மாளிகைக்கு விளக்குப் போடாமல் இருந்தால் ஒரு பலகைக்காவது ஆகும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. வரும் ஆகஸ்ட் 22 அன்று நாமே நடப்போம். ராஜாஜி சாலையில் கோட்டை வாசலில் கூடி, தீர்மானத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுத் தொடங்கலாம். அங்கிருந்து சத்தியவாணிமுத்து நகர் இருந்த கூவம் கரை. பிறகு ரிப்பன் மாளிகை நடைபாதை. அந்த 13 நாட்கள் அங்கே உட்கார்ந்திருந்த அக்காக்களில் யாராவது வந்து பேசச் சம்மதித்தால் வழிகாட்டி அவர்தான், அவருக்கு வழிகாட்டிக்கான கூலியும் தர வேண்டும். அப்புறம் புளியந்தோப்பு, கடைசியில் ஓட்டேரி. வயதானவர்களுக்குத் தூரம் கொஞ்சம் அதிகம், நடுவில் பஸ் பிடித்துக்கொள்ளலாம். எல்லோரையும்போலக் காலை ஆறரைக்கு வேண்டாம். மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்வோம். புளியந்தோப்பில் பீஃப் கடைகளில் அடுப்பு மூட்டுவது சாயங்காலம்தான்.